27,750 பவுணுக்கு மத்திய காலம்: ஒரு பல்துறைப் பட்டப்படிப்பு பற்றிய மதிப்பீடு

2021 செப்டெம்பரில் வட இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகத்தில் மத்திய கால ஆய்வியல் என்னும் மூன்றாண்டு இளமாணிப் பட்டப்படிப்பில் நான் சேர்ந்தபோது எனக்கு வயது 43. அதுவரை பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறு கடைகளுக்கும் ஒரு மருந்தகத்துக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை அரைநாளாகக் குறைத்துக்கொண்டுதான் படிக்கப் போனேன். கட்டணம் ஆண்டுக்கு 9,250 பவுண், மூன்று ஆண்டுகளுக்கு 27,750 பவுண். என் வாழ்க்கையில் வீட்டுக்கு அடுத்தபடியாக நான் காசு கொடுத்து வாங்கிய பெரிய பொருள் இதுதான் என்பதால், வாங்கிய பொருளை மதிப்பிடும் கண்ணோடுதான் இதையும் மதிப்பிடுகிறேன். குறைகளும் சொல்லப் போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வகைப் படிப்பை வேறிடத்தில் தேடுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஐரோப்பிய வழக்கில் மத்திய காலம் என்பது, மேற்கு உரோமப் பேரரசு சிதைந்த 5ஆம் நூற்றாண்டிலிருந்து 1500ஐ ஒட்டிய காலம் வரையிலான ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். வழக்கமான பல்கலைக்கழகங்களில் இந்த ஆயிரம் ஆண்டுகளை வரலாறு, இலக்கியம், தொல்லியல், கலை வரலாறு என்று நான்கு துறைகள் நான்கு கட்டடங்களில் பங்குபோட்டுக் கற்பிக்கின்றன. நான் சேர்ந்த படிப்பு அந்த நான்கையும் ஒருங்கிணைப்பதாக அறிவித்திருந்தது: முதலாம் ஆண்டில் இலத்தீனும் நான்கு துறைகளின் அறிமுகப் பாடங்களும், இரண்டாம் ஆண்டில் பழைய கையெழுத்து வாசிப்பும் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கருத்தரங்கும், மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடங்களும் 12,000 சொற்களில் ஓர் ஆய்வுக்கட்டுரையும். மத்திய காலப் பல்கலைக்கழகங்களே இலக்கணம், சொற்கலை, தருக்கம் ஆகிய மூன்றையும் எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் ஆகிய நான்கையும் ஒரே மாணவனுக்குக் கற்பித்தவைதாம். துறைகளுக்கிடையே வேலி போட்டவர்கள் பிற்காலத்தவர்கள். அதனால் பல்துறைக் கல்வியைப் புதுக் கண்டுபிடிப்புப் போல விளம்பரம் செய்திருந்தது எனக்குச் சற்றுச் சிரிப்பாகவே இருந்தது.

நான்கு துறைகளும் ஒரே பொருளைச் சுற்றி ஒரே நேரத்தில் உட்கார்ந்த இடங்களில் இந்தப் படிப்பு கொடுத்த காசுக்கு மேலாகவே தந்தது. நான்கு துறைகளின் பாடங்களை ஒரே இலையில் பரிமாறிவிட்டு மாணவரே பிசைந்து உண்ணட்டும் என்று விட்ட இடங்களில் ஏமாற்றியது. இதுதான் என் தீர்ப்பு. முதல் வகை இடங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, ஆனால் அவை மிக நன்றாக இருந்தன.

முதலில் இலத்தீன். இங்கிலாந்தின் மத்திய கால அரச ஆவணங்கள், திருச்சபை ஆவணங்கள், நில உடைமைக் கணக்குகள் ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை இலத்தீனில் உள்ளன. அது தெரியாமல் மத்திய காலம் படிப்பது, பேரேட்டைத் திறக்காமல் கணக்காய்வு செய்வதற்குச் சமம். வாரத்துக்கு நான்கு மணிநேரம் வகுப்பு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் சிறு பரீட்சை. வகுப்பில் இருந்த பதினேழு பேரில் மூவர் பாடசாலையிலேயே இலத்தீன் படித்தவர்கள். ஆசிரியர் அவர்களின் வேகத்துக்கே நடந்தார் என்பது என் முதல் முறைப்பாடு. முதலாண்டு இறுதிப் பரீட்சையில் சித்தியடைய 40 புள்ளி வேண்டும், எனக்குக் கிடைத்தது 38. ஆகஸ்டில் மீள்பரீட்சை எழுதி 61 பெற்றேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்ப உருமாறுவது என் ஆங்கில வகுப்புத் தோழர்களைத் திணறடித்தபோது, எட்டு வேற்றுமைகளைப் பாடசாலையில் மனனம் செய்த எனக்கு அது புதிராகவே தோன்றவில்லை. வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் தேடுவதும் அப்படித்தான். நான் இடறி விழுந்தது வினையின் வடிவங்களில்.

இரண்டாம் ஆண்டின் பழைய கையெழுத்து வாசிப்புத்தான் இந்தப் படிப்பின் இரத்தினம். அன்று எழுதப் பயன்பட்ட விலங்குத் தோல் விலை கூடியது, எழுதுபவரின் நேரமும் விலை கூடியது. ஆகவே எழுத்தர்கள் சுருக்கி எழுதினார்கள். 'பி' எழுத்தின் காலுக்குக் குறுக்கே ஒரு கோடு இட்டால் அது 'பெர்', காலிலிருந்து இடப்புறமாக ஒரு வளைவு இழுத்தால் 'ப்ரோ', தலைக்கு மேல் ஒரு கோடு இட்டால் 'ப்ரே'. ஒரே எழுத்து, மூன்று முன்னொட்டுகள். கோட்டைத் தவறவிட்டால் பொருளே புரண்டுவிடும். அடர்ந்த கோதிக் எழுத்தில் 'மினிமும்' என்ற சொல் பதினைந்து ஒரேமாதிரியான நெட்டுக் கோடுகளின் வரிசையாகத் தெரியும். எந்த மூன்று சேர்ந்து 'ம்', எந்த இரண்டு சேர்ந்து 'ன்' என்பதைச் சொல் தெரிந்தவர் மட்டுமே பிரிப்பார். நான் இதைக் கண்டு மிரளவில்லை. புள்ளி இடாமல், எகர ஏகாரத்துக்கு வேறுபாடு காட்டாமல், ரகரத்தையும் காலையும் ஒன்றாகவே கீறிய நம் ஓலைச்சுவடிகளை வாசித்து அச்சேற்றியவர்கள் செய்ததும் இதே வேலைதான். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிப் பாடசாலையில் படித்தபோது அவர் பட்ட பாடு எனக்கு விளங்கவில்லை. ஒரு சுருளின் முன் மூன்று மணிநேரம் இருந்து பதினொரு வரி வாசித்த அன்று விளங்கியது.

எண்களில் இன்னொரு வியப்பு காத்திருந்தது. 80 என்பதை எழுதுவதற்கு எழுத்தர்கள் நான்கு கோடுகளை இட்டு, கடைசிக் கோட்டைச் சற்று நீட்டிக் கீழே வளைத்து, அவற்றின் தலைக்கு மேலே இருபதைக் குறிக்கும் இரண்டு பெருக்கற் குறிகளைச் சிறிதாக எழுதினார்கள்: நான்கு இருபதுகள். கடைசிக் கோட்டை நீட்டுவது பிறகு யாரும் இன்னொரு கோட்டைச் சேர்த்துவிடாமல் இருப்பதற்கு என்று ஆசிரியர் விளக்கினார். இன்று நாம் காசோலையில் தொகையை எழுதி 'மட்டும்' என்று முடிப்பதுபோல. நான் கரும்பலகையில் ௮௰ என்று எழுதி, எங்கள் பழைய எண்முறையிலும் எட்டையும் பத்தையும் அடுத்தடுத்து வைத்தே எண்பது எழுதப்பட்டது என்று காட்டினேன். மூன்று ஆண்டுகளில் வகுப்பில் நான் சொன்னதை ஆசிரியர் குறித்துக்கொண்ட தருணங்கள் இரண்டு. அதில் இது ஒன்று.

இனிக் கூட்டுக் கருத்தரங்கு. இரண்டாம் ஆண்டின் பின்தவணை முழுவதும் அதன் பொருள் 1348இல் இங்கிலாந்தை எட்டிய பெருங்கொள்ளைநோய். முதல் வாரம் ஒரு பண்ணைக் கணக்குச் சுருளின் படத்தை எங்கள் முன் விரித்தார்கள். கணக்காண்டு மிக்கேல் திருநாளான செப்டெம்பர் 29இல் தொடங்கி அடுத்த ஆண்டு அதே நாளில் முடியும். இந்தச் சுருள் 1349இல் முடிந்த ஆண்டுக்குரியது. கணக்கு ஒப்புவிப்பவர் நம் ஊர் மணியகாரரைப் போன்ற ஒருவர். இன்றைய இலாப நட்டக் கணக்கு முறை அவருக்குத் தெரியாது. வரவேண்டிய எல்லாம் முதலில் அவர் தலையில் சுமத்தப்படும். பிறகு எது ஏன் வரவில்லை, எது எதற்குச் செலவானது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் அந்தச் சுமையை இறக்க வேண்டும். இறக்க முடியாத மிச்சம் அவருடைய கடன். இந்தச் சுருளில் வாடகை வரவின் கீழே விலக்குப் பட்டியல் தொடங்குகிறது. இன்னாருடைய வீடும் நிலமும், வரவில்லை, பிரபுவின் கையில் இருப்பதால். அடுத்தவர், வரவில்லை, பிரபுவின் கையில் இருப்பதால். பெயர்கள் ஒன்றரை முழ நீளத்துக்குப் போகின்றன. அந்தச் சுருளில் கொள்ளைநோய் என்ற சொல்லே வரவில்லை. குத்தகைக்காரர் இறந்து, எடுத்து உழ வாரிசும் இல்லாத நிலம் பிரபுவுக்குத் திரும்பும் என்பதுதான் அந்தத் தொடரின் பொருள். பத்தொன்பது ஆண்டுகள் அறவிட முடியாத கடன்களை எழுதித் தள்ளியவள் என்ற முறையில், அந்தப் பக்கத்தை வாசித்த பிறகு சற்று நேரம் என்னால் பேச முடியவில்லை.

அடுத்த வாரம் தொல்லியல் ஆசிரியர் வந்தார். இலண்டன் கோபுரத்துக்கு அண்மையில் ஈஸ்ட் சிமித்ஃபீல்டில் 1980களில் அகழப்பட்ட கொள்ளைநோய் இடுகாட்டிலிருந்து எடுத்த பற்களைக் கொண்டு, 2011இல் அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதும் மீட்டமைக்கப்பட்டதை அவர் விளக்கினார். கொன்றது எது என்பதில் அதுவரை நீண்ட விவாதம் இருந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் என் நினைவில் நிற்பது. கிர்கிஸ்தானில் இசிக் குல் ஏரிக்கு அண்மையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகழப்பட்ட இரண்டு இடுகாடுகளில் சுரியானி மொழிக் கல்லறைக் கற்கள் இருந்தன. திகதி தெரிந்த 467 கற்களில் 118 கற்கள் 1338, 1339 என்ற இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை, அவற்றில் சில கொள்ளைநோயையே மரணத்துக்குக் காரணமாகச் சொல்கின்றன. கல்லை வாசித்த வரலாற்றாசிரியர் பிலிப் சிலாவினும் மரபணு ஆய்வாளர்களும் சேர்ந்து, அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களில் அதே கிருமியைக் கண்டு 2022இல் வெளியிட்டார்கள். சுரியானி தெரியாத உயிரியலாளர் எந்தப் பல்லைக் கேட்பது என்று அறியமாட்டார். ஆய்வுகூடம் இல்லாத மொழியறிஞர் அந்தச் சொல் எந்த நோயைக் குறிக்கிறது என்று அறியமாட்டார். அந்த ஆய்வு வெளிவந்தது 2022 ஜூனில், நாங்கள் அதைப் படித்தது 2023 பெப்ரவரியில். இவ்வளவு சூடாகப் பாடம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

பின்னர் இலக்கிய ஆசிரியரின் முறை. பிழைத்தவர்கள் கூடிய கூலி கேட்டார்கள். 1349இல் அரச ஆணையும் 1351இல் சட்டமும் கூலியைக் கொள்ளைநோய்க்கு முந்திய அளவில் கட்டிவைக்க முயன்றன. 1381 கிளர்ச்சியில் உழவர்கள் பல ஊர்களில் பண்ணை நீதிமன்றச் சுருள்களைத் தேடித் தேடி எரித்தார்கள். எழுத்தறியாதவர்கள் எழுத்தை வெறுத்தார்கள் என்று பழைய நூல்கள் எழுதிவிட்டுப் போன இந்தச் செய்தியை அவர் திருப்பிப் போட்டார்: எந்தச் சுருளில் தங்கள் அடிமைநிலை பதியப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அந்தச் சுருளைத் தெரிந்தெடுத்து எரிக்க முடியும். அதே ஆண்டுகளில் கவிஞர் ஜெஃப்ரி சோசர் இலண்டன் துறைமுகத்தில் கம்பளித் தீர்வைக் கணக்கைத் தம் கைப்படவே எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு சுங்கக் கட்டுப்பாட்டாளராக இருந்தார் என்பதும் இந்த வகுப்பில்தான் தெரிந்தது. 1374இல் தொடங்கி பன்னிரண்டு ஆண்டுகள். அன்றிலிருந்து அவரை என் தொழிலைச் சேர்ந்தவராகவே எண்ணி வருகிறேன்.

வார்ரம் பேர்சிக்கு ஒருநாள் அழைத்துப் போனார்கள். யோர்க்சயரில் கைவிடப்பட்ட ஊர். 1950 முதல் 1990 வரை நாற்பது கோடைகள் அகழப்பட்டது. கூரையற்ற தேவாலயம் ஒன்றும் புல் மூடிய வீட்டு அடித்தளங்களும்தான் மிச்சம். கொள்ளைநோய் ஊரைத் துடைத்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஊர் அதன் பின்னும் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்து, 1500ஐ ஒட்டி ஆட்டு மேய்ச்சலுக்காகவே வெறுமையானது. கம்பளி இலாபம் தந்தது, ஆடுகளுக்குக் கூலி இல்லை. மழையில் இரண்டு மணிநேரம் நின்றோம். பேருந்தில் திரும்பும்போது என் காலணி உலரவில்லை என்றாலும் அந்த நாளைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

கருத்தரங்கில் சேராத ஓரிரு தனி விரிவுரைகளும் இதே தரத்தில் இருந்தன. 10ஆம் நூற்றாண்டுப் பழைய ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்றில் உள்ள கண் மருந்தை, பூண்டு, வெங்காய இனத்துத் தாள், திராட்சை மது, மாட்டுப் பித்தம் ஆகியவற்றைச் சேர்த்து ஒன்பது நாள் வைத்து எடுக்கும் அந்தக் கலவையை, நொட்டிங்ஹாமில் ஒரு மொழியறிஞரும் ஒரு நுண்ணுயிரியலாளரும் சேர்ந்து செய்து பார்த்ததில், மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகைக் கிருமியை அது ஆய்வுகூடத்தில் கொன்றதை 2015இல் அறிவித்தார்கள். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்து இடுகாட்டில் கிடைத்த ஒரு பெண்ணின் பற்காரையில் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லின் துகள்கள் இருந்ததும், தூரிகையை நாவில் நனைத்துச் சுவடிக்கு ஓவியம் தீட்டியவராக அவர் இருந்திருக்கலாம் என்று 2019இல் எழுதப்பட்டதும் இன்னொன்று. எத்தனை மடத்துச் சுவடிகளில் எழுதியவர் பெயர் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்களில் எத்தனை பேரை நாம் ஆண் என்று எடுத்துக்கொண்டோம் என்பதும் கணக்குக்கு வரும்.

இனிக் குறைகள். கூட்டுக் கருத்தரங்கைத் தாண்டினால் ஒருங்கிணைப்பு என்பது நேரசூசியில்கூட இல்லை. இரண்டாம் ஆண்டில் கலை வரலாற்று வகுப்பும் கையெழுத்து வகுப்பும் ஒரே வியாழக்கிழமை ஒரே மணிக்கு விழுந்தன. இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு மூன்று வாரம் கழிந்தபின், கலை வரலாற்றை ஒலிப்பதிவில் கேட்கச் சொன்னார்கள். படங்களைக் காட்டி நடத்தும் பாடத்தை ஒலிப்பதிவில்! அடிக்குறிப்பை ஒரு துறை பக்க அடியில் கேட்கும், இன்னொன்று அடைப்புக்குறிக்குள் ஆண்டோடு கேட்கும். இவையெல்லாம் சில்லறை. புள்ளியிடலில்தான் உண்மையான பிளவு தெரிந்தது. கொள்ளைநோய்க்குப் பின் ஒரு தேவாலயச் சுவரில் வரையப்பட்ட ஓவியத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு, ஓவியத்தை ஆதாரமாக மட்டும் பயன்படுத்திவிட்டேன், அதைப் பார்க்கவே இல்லை என்று கலை வரலாற்றாசிரியர் 54 போட்டார். அதே முறையில் எழுதிய இன்னொன்றுக்கு வரலாற்றாசிரியர் 69 போட்டு, ஓவிய வருணனை நீளம் என்று எழுதினார். இரண்டும் நியாயமான குறிப்புகள். ஆனால் இரண்டு துறைகளின் எதிர்பார்ப்புக்கும் நடுவே மாணவர் எங்கே நிற்பது என்று சொல்லித்தருவதுதானே இந்தப் படிப்பை விற்கும்போது கொடுத்த வாக்கு? அதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

பெரிய குறை வேறு. என் ஆய்வுக்கட்டுரைக்கு டர்ஹாம் பேராலயத்து மடத்தின் கணக்குச் சுருள்களில் வரும் வாசனைத் திரவியக் கொள்முதலை எடுத்துக்கொண்டேன். அந்த மடத்தின் கணக்குகள் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மடம் கலைக்கப்பட்ட காலம் வரை பெருந்தொகையாக எஞ்சியிருக்கின்றன. ஒரு பகுதி அச்சிலும் உண்டு. துறவிகள் மிளகும் இஞ்சியும் இறாத்தல் கணக்கில் வாங்கினார்கள். இஞ்சியை அந்த எழுத்தர் 'சின்சிபேர்' என்று எழுதியிருப்பதைக் கண்டதும் நான் நூலகத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன். இஞ்சிவேர் என்ற தென்னாட்டுச் சொல் பாளிக்கும் வடமொழிக்கும் போய், கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் ஏறி, ஸ்கொட்லாந்து எல்லைக்கு அருகில் ஒரு மடத்துக் களஞ்சியப் பொறுப்பாளரின் செலவுச் சுருளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் குறித்துக்கொண்ட இரண்டாவது தருணம் இது.

அந்த மிளகைப் பின்தொடர்ந்து போக விரும்பினேன். இலண்டன் வரை தடையில்லை: மிளகு வணிகர் சங்கத்துக்கு, அனுமதியின்றி அமைந்ததற்காகத் தண்டம் விதிக்கப்பட்டது 1180ஆம் ஆண்டின் அரச வருமானச் சுருளில் பதிவாகியிருக்கிறது, அந்தச் சங்கத்தின் வழிவந்ததே பிற்காலத்து மளிகை வணிகர் நிறுவனம். புரூஜஸ், வெனிஸ் வரை என் ஆய்வு வழிகாட்டிக்குத் தெரியும். அலெக்சாந்திரியாவில் அவர் நின்றுவிட்டார். கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்தில் பழைய காகிதங்களைப் போட்டுவைத்த அறையிலிருந்து எடுக்கப்பட்டு இன்று கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் துண்டுகளாக இருக்கும் ஆவணங்களில், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி மிளகும் இஞ்சியும் ஏற்றிய யூத வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்கள் இருப்பதை நானே தேடிக் கண்டேன். சுமாத்திராவின் பாரூசில் 1088இல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு நாட்டிய தமிழ்க் கல்வெட்டையும், சீனத்தின் குவான்சூவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் ஒரு பந்தியில் சேர்த்தபோது, அவை "பாடத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே" என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டு வந்தது. உலகளாவிய மத்திய காலம் என்ற பெயரில் மூன்றாம் ஆண்டில் இரண்டு வாரம் உண்டு. அதில் சோழர்களுக்குக் கிடைத்தது ஒரு படம், வெண்கல நடராசர், பெயரும் நூற்றாண்டும் மட்டும். வாங்குபவன் இல்லாமல் வணிகம் இல்லை என்பது போலவே விற்பவன் இல்லாமலும் வணிகம் இல்லை. ஆனால் என் பட்டப்படிப்பில் மிளகு வெனிசில் விளைகிறது.

மற்றவை சுருக்கமாக. நூலகம் நன்று, இரவு பன்னிரண்டு வரை திறந்திருக்கும். மூல ஆவணத்தைக் கையால் தொட்டது மூன்று ஆண்டுகளில் நான்கு தடவைதான். தோலின் மயிர்ப்பக்கம் சொரசொரப்பாகவும் சதைப்பக்கம் வழுவழுப்பாகவும் இருப்பதை விரலால் உணர்ந்த பிறகு படப்பிரதி போதுமென்று யாரும் சொல்லக்கூடாது. லீட்ஸ் நகரில் 1994 முதல் ஒவ்வொரு ஜூலையும் நடக்கும் மத்திய காலப் பெருமாநாட்டுக்கு ஒருநாள் போகலாம். அங்கே உரைகளைவிடப் புத்தகக் கடைகளே எனக்குப் பிடித்தன. வயது கூடிய மாணவர்களுக்கென்று தனியான உதவி எதுவும் இல்லை. இளையவர்கள் மரியாதையாக நடந்தார்கள், குடிக்கப் போகும்போது கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

காசுக் கணக்கு. 2023 கோடைக்கு முன் இங்கிலாந்தில் சேர்ந்தவர்களுக்குரிய கடன் திட்டத்தில், நான் படித்த ஆண்டுகளில் நிலவிய வரம்பின்படி, ஆண்டு வருமானம் 27,295 பவுணைத் தாண்டினால் தாண்டிய பங்கில் 9 வீதம் அறவிடுவார்கள். முப்பது ஆண்டுகளில் மிச்சம் தள்ளுபடி. ஏற்கனவே ஒரு பட்டம் வைத்திருப்பவருக்கு இந்தக் கடன் பொதுவாகக் கிடைக்காது. நான் தொழிற்சான்றிதழ் மட்டுமே வைத்திருந்ததால் கிடைத்தது. வேலை என்று கேட்டால், ஆவணக் காப்பாளராவதற்கு இங்கே பெரும்பாலும் மேலுமொரு பட்டப்பின் தகைமை கேட்கிறார்கள். என்னோடு முடித்தவர்களில் இருவர் சட்டத்துக்கு மாறினார்கள், நால்வர் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார்கள், ஒருவர் அருங்காட்சியகக் கடையில் இருக்கிறார். நான் கணக்கு வேலையிலேயே தொடர்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தேவாலயக் கணக்குப் புத்தகங்களுக்குப் பட்டியல் தயாரிக்கிறேன், சம்பளம் இல்லை. கட்டணத்தைச் சம்பள உயர்வாக மீட்க நினைப்பவர் இதை வாங்கக் கூடாது.

வேறு தெரிவுகளும் உண்டு. மொழிகளில் ஆழமாக இறங்க விரும்புபவருக்குக் கேம்பிரிட்ஜின் ஆங்கிலோ-சாக்சன், நோர்ஸ், கெல்டிக் பட்டப்படிப்பு. ஆனால் அதன் எல்லை வடமேற்கு ஐரோப்பாவோடு முடிகிறது. ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு நல்வாய்ப்பு: மெய்யியலாளர் எத்தியேன் ஜில்சன் 1929இல் தொடங்கிய மத்திய கால ஆய்வு நிறுவனமும், அதை ஒட்டிச் செயின்ட் மைக்கேல்ஸ் கல்லூரியின் இளமாணிப் பாடத்திட்டமும், பழைய ஆங்கில அகராதித் திட்டமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சோழ, பாண்டியர் காலமே உங்கள் நாட்டம் என்றால் இங்கே வராதீர்கள். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் துறையைக் கேளுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், சேர விரும்புபவர்களைப் பார்வையிட அழைக்கும் திறந்த நாளில் போய்க் கேட்க வேண்டியவை சிலவே. இலத்தீன் கட்டாயமா, கட்டாயம் என்றால் தொடக்கநிலையினருக்குத் தனி வகுப்பு உண்டா? ஒரே வகுப்பறையில் இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பாடங்கள் மொத்தம் எத்தனை? பல்துறைக் கட்டுரைக்குப் புள்ளியிடுவது யார், எந்த அளவுகோலில்? இந்த மூன்றாவது கேள்விக்கு எனக்கு விற்றவர்கள் சிரித்துவிட்டுக் கையேட்டைத் தந்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் ஆய்வுக்கட்டுரைக்கு 66, பட்டம் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. ஐந்து நட்சத்திரத்தில் கூட்டுக் கருத்தரங்குக்கும் கையெழுத்து வாசிப்புக்கும் ஐந்து, மொத்தப் படிப்புக்கு மூன்றரை. மறுபடியும் வாங்குவேனா என்றால் வாங்குவேன், ஆனால் சேர்வதற்கு முந்திய கோடையிலேயே இலத்தீன் வினைகளை மனனம் செய்துவிட்டு. மிளகைப் பற்றிய அந்தப் பந்தியை இந்தத் தடவை வெட்டாமல்.